பொருள்: கலைச்சொல் உதவி, திங்கட்கிழமைக்குள்

வெள்ளவத்தையிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். முதுகலைமாணிப் பாடநெறிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இசையை மக்களின் வாழ்வோடு சேர்த்து ஆராயும் ‘எத்னோமியூசிக்கோலஜி’ என்ற துறைப்பெயரில் வந்து நிற்கிறேன். ‘இன இசையியல்’ புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கொழும்பில் ‘இனம்’ என்று தொடங்கினாலே வாய் ‘பிரச்சினை’ என்று முடிக்கப் பார்க்கிறது. மலையகத்துத் தப்பு மேளத்தையோ மட்டக்களப்புப் பறங்கியரின் ஆட்டப்பாட்டையோ ஆராய வருகிற பிள்ளையிடம் முதலில் இனத்தையா கேட்பது?

தெஹிவளையிலிருந்து:
தங்கச்சி, தொல்காப்பியம் இருக்க ஏன் அலைகிறீர்கள்? ‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ’ என்று ஒவ்வொரு திணைக்கும், அதாவது நிலத்துக்கும், உரிய கருப்பொருளை அடுக்கும்போதே பறையும் யாழும் உணவோடும் தொழிலோடும் சேர்ந்துவிட்டன. இசையை அதற்குரிய மக்களின் வாழ்விலிருந்து பிரிக்காமல் பார்ப்பதுதானே இந்தத் துறை? ‘திணையிசையியல்’ என்று வையுங்கள். ஆய்ச்சியர் குரவையையும் குன்றக்குரவையையும் இளங்கோ அவரவர் நிலத்தில்தானே ஆடவிட்டார்! யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்கே தலைமை தாங்கியவர். அவர் வழியில் வந்த நாம் கூச்சப்படலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சேர், சொல் அழகுதான். ஆனால் இங்கே திணை என்றால் குடிவரவுத் திணைக்களம், பரீட்சைத் திணைக்களம். பிள்ளைகள் ஏதோ கந்தோர் இசைக்குழு என்று நினைப்பார்கள். ‘பண்பாட்டு இசையியல்’ போதும், எல்லோருக்கும் விளங்கும்.

தெஹிவளையிலிருந்து:
பண்பாடே ‘கல்ச்சரு’க்கு ஈடாக இருபதாம் நூற்றாண்டில் நிலைத்த சொல். போதாததற்குப் பிரித்து வாசித்தால் ‘பண் பாடு’ என்று ஏவுகிறது!

மட்டக்களப்பிலிருந்து:
ஐயா, அந்த ஏவல் இசைத்துறைக்கு நல்ல சகுனம். எனக்குள்ள தயக்கம் வேறு. ‘கல்ச்சுரல் மியூசிக்கோலஜி’ என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. அது வரும்போது என்ன செய்வோம்? ‘எத்னோமியூசிக்கோலஜி’ என்ற பெயரும் தகராறில் பிறந்ததுதான். முன்பு ‘ஒப்பீட்டு இசையியல்’ என்றார்கள். ஜாவாவின் கமெலான் இசையை ஆராய்ந்த ஒல்லாந்தர் யாப் குன்ஸ்ட், எந்த அறிவியல்தான் ஒப்பிடவில்லை என்று கேட்டு, 1950இல் புதுப்பெயரை முன்வைத்தார். ‘எத்னோ’வின் கிரேக்க வேர் மக்களைக் குறிக்கும். ஆனால் ‘மக்களிசையியல்’ என்றால் நாட்டார் பாடல் மட்டும்தான் என்று ஆகிவிடும். சபாக் கச்சேரியும் கோயில் தவிலும் இந்தத் துறைக்கு ஆய்வுப்பொருள்தான். என் வாக்கு பழைய ‘இன இசையியலு’க்கே. நூலகத்தில் தேடினால் கிடைக்கிற சொல் அது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
தேடக் கிடைக்கும் என்பதற்காகச் சங்கடமான சொல்லை அட்டையில் போடுவதா? அப்புறம் சிங்களப் பிரதியில் என்ன சொல் என்று யாராவது பார்த்தீர்களா?

வெள்ளவத்தையிலிருந்து:
அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் அண்ணை, திங்கள் நெருங்கிவிட்டது. ஆளுக்கொரு சொல் சொல்கிறீர்கள். எல்லோருக்கும் விளங்குவது ‘பண்பாட்டு இசையியல்’தான். சரி, அட்டையில் அதுவே போகிறது. பின்னிணைப்பில் ‘இன இசையியலும்’ இருக்கும்.

தெஹிவளையிலிருந்து:
நான் வகுப்பில் திணையிசையியல் என்றே சொல்வேன். இரண்டாம் பதிப்பு எப்போது?