67 கிலோ டென்ட், 75 கிலோ ரூஃப்: கேரியர் விஷயத்துல நான் பட்டது

வண்டி டாப்புல மாட்டுற டென்ட் வச்சிருக்கவங்க, வாங்கப் போறவங்க எல்லாரும் உங்க அனுபவத்தையும் போடுங்க. முதல்ல என் கதைய சொல்லிடறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

டென்ட் வாங்குனதுலயே கை காலி, சரி கேரியர்லயாவது மிச்சம் புடிப்போம்னு இருக்கறதுலயே விலை கம்மியா ஒரு இரும்புக் கூடை கேரியரா பாத்து வாங்குனேன். பாக்க யானையே ஏறி உக்காரலாம் போல இருந்துச்சு, 150 கிலோ தாங்கும்னு பெட்டி மேலயே போட்டிருந்தான், வேற என்ன வேணும்னு மாட்டிட்டேன். ரெண்டு ட்ரிப் ஒண்ணும் ஆகல. மூணாவது ட்ரிப்ல கல்லும் குழியுமா ஒரு ரோடு, ஒரு மணி நேரம் குலுங்கிட்டு போய் இறங்கிப் பாத்தா கேரியர ரூஃபோட புடிக்கற கால்ல பின்னாடி வலது பக்கத்து கால் ரெண்டு விரல் அளவுக்கு நகந்திருக்கு, பெயிண்ட் வழிச்சு எடுத்துருச்சு, கதவு ரப்பர் நசுங்கிக் கெடக்கு.

அப்புறம்தான் வண்டியோட மேனுவல எடுத்துப் படிச்சேன் (வண்டி வாங்குன நாள்லேர்ந்து டேஷ்போர்டுக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு). ரூஃப் லோடு 75 கிலோ, அதுவும் கேரியர் எடையையும் சேத்து. இதுதான் எனக்கு அடி. கேரியர் 150 தாங்கும்னா அது கேரியரோட கதை, கீழ இருக்கற ரூஃப் 75தான் தாங்கும், நடுவுல மாட்டுற காலுக்கு ஒரு கணக்கு தனியா இருக்கும். மூணுல எது கம்மியோ அதுதான் நம்ம கணக்கு.

வீட்ல எடை மெஷின எடுத்து ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன். டென்ட் 58 கிலோன்னு சொல்லித்தான் வித்தாங்க. ஏணி, கவர், மாட்டுற தண்டு எல்லாம் அதுல சேராதாம், எல்லாம் சேத்தா 67. கேரியர் 27. ஆக மொத்தம் 94, அதாவது மூணு ட்ரிப்பும் 19 கிலோ அதிகமா தலையில தூக்கிட்டு ஓடிருக்கேன்.

இப்ப கூடையக் கழட்டி வீசிட்டு வெறும் ரெண்டு அலுமினிய க்ராஸ் பார் (ரூஃபுக்கு குறுக்க போற கம்பி). காலோட சேத்து 6 கிலோ, 67ம் 6ம் 73. டென்ட்டுக்கு அடியில கூடையே தேவையில்லைங்க, டென்ட்டோட தளமே ஒரு பலகைதானே, அத ரெண்டு கம்பி புடிச்சா போதும். மலிவா கெடச்ச கனமான கேரியர்தான் கடைசில எனக்கு அதிக செலவு, பெயிண்ட் வேலையும் சேத்து.

* * *

நல்லா சொன்னீங்க ஜி. ஒரு டவுட்டு, 75தான் தாங்கும்னா ராத்திரி ரெண்டு பேரு மேல ஏறிப் படுத்தா என்ன ஆகும்? நான் இத நெனச்சே டென்ட் வாங்காம இருக்கேன்.

* * *

அதுக்கு நான் சொல்றேன். மேனுவல்ல போட்டிருக்கறது வண்டி ஓடுறப்ப உள்ள லோடு. ப்ரேக் புடிக்கறப்ப, வளைவுல திரும்பறப்ப, குழில விழறப்ப மேல இருக்கற எடை பல மடங்கா இழுக்கும், அதுக்காக கம்மியா போடறாங்க. நின்ன வண்டில அந்த ஆட்டம் இல்ல, எடை நேரா கீழ தூண் வழியா இறங்கிரும், அதனால நிறைய தாங்கும். ஓடுறப்ப உள்ள கணக்குல மூணு மடங்குன்னு பொதுவா எல்லாரும் வச்சுக்கறாங்க. சில கம்பெனி நிக்கறப்ப எவ்ளோன்னு தனியாவே போட்டிருப்பான், போட்டிருந்தா அதத்தான் எடுத்துக்கணும். விரிச்சு மடக்குற டென்ட்ல பாதித் தளம் வண்டிக்கு வெளிய நிக்கும், அந்தப் பக்கத்து எடைய ஏணி தாங்குது. ஏணி கால் தரையில சரியா ஊனலைன்னா அவ்ளோவும் பாருக்கு வந்துரும், அதனால மணல்ல நிறுத்துனா நான் ஏணிக்கு அடியில ஒரு பலகை போட்டுருவேன்.

என் வண்டி பழசு, ரூஃப் ஓரத்துல மழைத்தண்ணி வழியற காடி இருக்கற டைப். காசு இல்ல, ஆனா பட்டறைல பழக்கம் உண்டு. 41 மில்லி இரும்பு சேனல் இருக்கும்ல, கேபிள் ட்ரே எல்லாம் தொங்க விடுவாங்களே, அது மீட்டருக்கு கிட்டத்தட்ட 2.8 கிலோ வரும். 1.4 மீட்டர்ல மூணு வெட்டுனேன், பாரே 12 கிலோ ஆச்சு, ஆறு காலும் சேந்து 19. டென்ட் 55. மொத்தம் 74. மேனுவல்ல 100 இருந்ததால கவலை இல்ல, இதே முதல்ல எழுதுனவர் வண்டின்னா ஒரே ஒரு கிலோதான் மிச்சம்.

கால வெல்டு வச்சேன், அதுதான் நான் செஞ்ச தப்பு. ஆறே மாசத்துல ஒரு காலு வெல்டுக்குப் பக்கத்துலயே முடி மாதிரி கோடு விட்டுருச்சு, வண்டி கழுவறப்ப துருவா வழிஞ்சதப் பாத்துதான் கண்டுபிடிச்சேன். இப்ப எல்லாமே எம்8 (8 மில்லி) போல்ட்டு, நைலான் வச்ச நட்டு. இன்னொண்ணு, அந்த சேனல்ல வரிசையா ஓட்டை இருக்கும், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா புல்லாங்குழல் கச்சேரிதான். பார் மேல கயித்த சுருள் மாதிரி சுத்தி விட்டேன், சத்தம் முக்காவாசி அடங்கிருச்சு.

* * *

பிக்கப் வச்சிருக்கவங்க ரூஃபையே நெனைக்காதீங்க. பின்னாடி தொட்டி மேல பைப் ஃப்ரேம் போட்டு அதுல டென்ட்ட வச்சா ரூஃப் லோடு பிரச்சனையே கிடையாது, எடையும் கீழ வந்துரும், வளைவுல வண்டி சாயறது நல்லாவே கம்மி. தொட்டி தாங்குற மொத்த எடைல இதும் சேரும் அவ்ளோதான். நான் ஃப்ரேம ரொம்ப தாழ்வா போட்டுட்டேன், டென்ட்ட விரிச்சா கேபின்ல இடிக்குது, இப்ப நாலு பக்கமும் கட்டை வச்சு ஏத்திருக்கேன், பாக்க கேவலமாத்தான் இருக்கும் ஆனா வேலை நடக்குது 😄

* * *

நான் கேரியர செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஆளு. விலை பாதிதான், ஆனா வீட்டுக்கு வந்து மாட்டிப் பாத்தா உக்காரவே இல்ல. துலே மாதிரி கேரியர் கம்பெனிகள்ல காலு தனி, பாரு தனி, வண்டிக்கு வண்டி மாறுற ஃபிட் கிட்னு ஒண்ணு தனி. பழைய ஆளு வண்டிக்கு உள்ள கொக்கியும் ரப்பரும் நம்ம வண்டிக்கு ஒத்து வராது, அத மட்டும் புதுசா வாங்கணும். எனக்கு அது தெரியாம அந்த ரப்பர வச்சே இறுக்கிட்டேன், முதல் மழைல சீட்டு நனைஞ்சுது. பாரும் காலும் பழசு வாங்கறது தப்பில்ல, வளைஞ்சிருக்கா, பூட்டுக்கு சாவி இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

ரெயில் (ரூஃப் ஓரத்துல நீளமா போற கம்பி) இல்லாத மொட்டை ரூஃபுன்னா கதவு ஓரத்துல கவ்வுற டைப்புதான் வரும், அதுல கனமான டென்ட்ட நான் வைக்கவே மாட்டேன். பெரிய கண்ணாடி ரூஃப் உள்ள வண்டிக்கு மேனுவல்ல தனி கணக்கு இருக்கலாம், அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்க.

* * *

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு பாருக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு. டென்ட் கம்பெனி குறைஞ்சது இவ்ளோன்னு போட்டிருக்கும், அதுக்குக் கீழ போகாதீங்க, ரூஃப் எந்த இடத்துல புடிக்க சொல்லுதோ அதையும் மீறாதீங்க, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ அகலமா முடியுமோ அவ்ளோ. மூணாவது பார் போட எனக்கும் ஆசைதான், போட்டா 76 ஆயிருது, ஒரே ஒரு கிலோல போச்சு.

கரடு ரோடுன்னா 75ங்கறதயே நம்பாதீங்க, பார் கம்பெனிகள்ல சிலது மண் ரோட்டுக்கு லோடு இன்னும் கம்மின்னு எழுதியே வச்சிருக்கு. அதனால ஏணிய இப்பல்லாம் கழட்டி உள்ள போட்டுக்கறேன், அதுவே 6 கிலோ, மெத்தையும் பின் சீட்டுலதான். முதல் 50 கிலோமீட்டர் தாண்டுனதும் நிறுத்தி எல்லா நட்டையும் ஒரு சுத்து பாத்துருவேன், போன வாரம் கூட முன்னாடி இடது பக்கத்துல ஒண்ணு கால் சுத்து இறங்கியிருந்துச்சு. ஸ்டெயின்லெஸ் நட்டுக்கு கொஞ்சம் கிரீஸ் தடவிக்கங்க, இல்லன்னா போல்ட்டோடயே இறுகி சிக்கிரும், எனக்கு ஒண்ண ரம்பம் வச்சு அறுத்துதான் எடுக்க வேண்டியதாப் போச்சு.

பழைய இரும்புக் கூடை இன்னும் ஷெட்டுல கெடக்கு, வேணும்னா சொல்லுங்க, ஆனா முதல்ல உங்க மேனுவல் எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க.