ஆடிக் காற்றில் சத்தம் அளந்தார்கள்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கொறங்காட்டுக்காரி:
எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, இட்டேரியைத் தாண்டினால் கோ-கார்ட் டிராக், அதாவது குட்டி ரேஸ் கார் ஓட்டுகிற இடம், வரப்போகிறது. காங்கயம் தாராபுரம் ரோட்டுப் பக்கம். வரட்டுமா வேண்டாமா என்ற சண்டை ஊரில் நடந்துகொண்டிருக்கிறது, அதை இங்கே இழுக்கவில்லை. எனக்கு உறுத்துவது ஒரே விஷயம்.

ஆடி மாசம், பகல் 11 மணி. டிராக் அறிக்கைக்காக ஒரு தம்பி சத்த மீட்டரோடு வந்து, கட்டுத்தறிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தினார். ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தது நேரே எங்கள் பனைமரத்தில்தான் வந்து முட்டும். ஓலை சடசட என்கிறது. கொட்டாயில் ஒரு தகரம் ஆணி கழன்று டமடம என்று அடிக்கிறது. மீட்டரில் 61, 63, 60.

அமுச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. "ஏங்கண்ணு, அந்தப் பொட்டி என்ன சொல்லுது?"

"இப்ப இங்க இருக்கற சத்தம் 61ங்க பாட்டி."

"சத்தமா? இங்க எங்க சாமி சத்தம்? காத்துதான அடிக்குது."

தம்பி சிரித்துக்கொண்டே 61 என்று எழுதிக்கொண்டார். அறிக்கையில் வந்தது இது: இப்போதுள்ள பின்னணி ஒலி 61 டெசிபல், டிராக் ஓடும்போது எங்கள் வேலியோரம் 60, ஆகவே கூடுதல் பாதிப்பு இல்லை.

மார்கழி ராத்திரியில் எங்கள் கட்டுத்தறியில் மாடு அசைபோடுவது வாசல் வரைக்கும் கேட்கும். அதை யார் அளந்தார்கள்?

தறிக்குடோன்:
சோமனூர்ப் பக்கம். தறிச் சத்தத்தில் தொட்டில் கட்டி வளர்ந்தவன், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எனக்கு முழிப்பே வரும். 60 எல்லாம் ஒரு சத்தமா என்று கேட்டிருப்பேன், போன வருஷம் வரைக்கும். வீட்டுக்குப் பின்னால் டர்ஃப் கிரவுண்டு வந்தது. ராத்திரி 11.40க்குப் பந்து இரும்புக் கம்பத்தில் பட்டு ஒரு 'ணங்'. அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். அடுத்த ணங் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன் பாருங்கள், அதுதான் கொடுமை. வராவிட்டாலும் தூக்கம் இல்லை.

கேட்கப்போனால் கிரவுண்டுப் பையன் சத்தம் அளக்கிற ஆப்பைத் திறந்து போனை நீட்டுகிறான்: "சராசரி 48தாங்ண்ணா." சராசரியில் என் ணங் எங்கே போச்சு தம்பி?

பண்ணைவீட்டு ஓனர்:
நான் அந்தப் பக்கத்து ஆள், திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நாலு ரூம், ஒரு சின்ன ஹால். அக்கா, மீட்டர் காட்டியதைத்தானே அந்தத் தம்பி எழுத முடியும்? மார்கழியில் விடியக்காலை நாலரை மணிக்கு ஊர்க் கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது, அதற்கு யாரும் அறிக்கை கேட்பதில்லை. தொழில் செய்ய வந்தவன் மட்டும்தான் குற்றவாளி.

ஆனாலும் ஒன்று மனசில் நிற்கிறது. வேலை ஆரம்பித்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். பாதிப்பு அது இதுவென்று ஒன்றும் பேசவில்லை. "பாட்டை எத்தன மணிக்கு நிறுத்துவ?" என்றார். பத்து மணிக்கு என்றேன். "எழுதிக் குடு." சிரித்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நிஜமாகவே பத்து மணிக்கு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். பிறகு ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?

மீட்டர் மாமா:
என் கதை சின்னது. நான் ரேஸ் பைத்தியம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல் திறந்ததிலிருந்து போகிறேன், இன்ஜின் உறுமல் எனக்கு நாதஸ்வரம். ஒரு மதியம் பேத்தியை அப்போதுதான் தூங்கவைத்திருந்தோம், எவனோ சைலன்சரைக் கழற்றின பைக்கைத் தெருவில் உறுமவிட்டான். கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓனர் தம்பி, மீட்டர் காட்டியதை எழுதுவது சரி, எப்போது அளக்கக்கூடாது என்று தெரிவதும் தொழில்தான். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டிருந்தாலும் அந்த அளவை நம்பக்கூடாது. காற்று மைக்கில் மோதுகிற சத்தத்தைத்தான் அது அளக்கும். அமுச்சி சொன்னதுதான் சரி. பின்னணி என்றால் காற்றில்லாத நாள், இரவு உட்பட, பல நேரத்தில் எடுக்கவேண்டும். அதுவும் பனிக்கால ராத்திரியில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே சூடாக இருக்கும். மேலே போகிற சத்தம் வளைந்து திரும்பக் கீழே வரும். பகலில் கேட்காத சத்தம் அப்போது கேட்கும்.

அந்த அறிக்கையை அவர்கள் கணக்கிலேயே பாருங்கள். 61 இருக்கிற இடத்தில் இன்னொரு 60 சேர்ந்தால், டெசிபல் கணக்கில் 63.5. 'கூடுதல் இல்லை' எப்படி? அந்த 60ம் எத்தனை வண்டிக்கு என்று கேளுங்கள். ஒரு வண்டிக்கு என்றால் பத்து வண்டி ஓடும்போது 10 டெசிபல் ஏறும். பத்து மடங்கு இரைச்சல் என்று பயந்துவிடாதீர்கள், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அதுவே போதும் மாடு மிரள. வண்டியிலிருந்து தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு, அதனால் எந்த இடத்திலிருந்து அளந்தார்கள் என்பதும் முக்கியம்.

அப்புறம், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் நாலே வகைதான். தொழிற்பகுதி பகல் 75 இரவு 70, வணிகம் 65, 55, குடியிருப்பு 55, 45, அமைதிப் பகுதி 50, 40. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 வரை. தோட்டத்துக்கு என்று தனி வகையே கிடையாது! உங்களை வணிகத்தில் சேர்த்தால் பகலில் 60 பாஸ், குடியிருப்பு என்றால் பகலிலேயே ஃபெயில். எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

சுற்றிலும் மரம் நட்டுத் தருகிறோம் என்பார்கள். ரெண்டு வரிசை சவுக்கு கண்ணுக்கு மறைப்பு, காதுக்கு இல்லை. மண் கரை கேளுங்கள். உங்கள் வாசலில் நின்றால் வண்டி தெரியாத உயரத்துக்கு இருக்கவேண்டும். கிராம சபையில் சும்மா எதிர்ப்பு என்று கத்தாமல், மறு அளவு வேண்டும் என்று தீர்மானமாக எழுதவையுங்கள். அப்புறம் தறிக்குடோன் தம்பி, உன் ணங்குக்குச் சராசரி உதவாது, உச்ச அளவைத் தனியாகக் கேள். கம்பத்துக்கு ரப்பர் சுற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

தறிக்குடோன்:
ரப்பர் சுற்றி ஆறு மாசம் ஆச்சுங்க மாமா. இப்போ விக்கெட் விழுந்தால் கத்துகிறார்கள்.

பல்லடம் பண்ணை:
ரெண்டு வரி. கறிக்கோழி, கூண்டு இல்லாத ஷெட். பக்கத்துப் பார்ட்டி ஹாலில் டீஜே முதல் அடி 'தும்' என்று விழுந்ததும் ஷெட்டே ஒரு மூலைக்கு ஓடியது. கத்தவே இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. டார்ச் அடித்துக் கையால் வாரி வாரி எடுத்துப் போட்டேன். அடியில் இருந்ததெல்லாம் மூச்சு முட்டிப் போச்சு. மறுநாள் ஹால்காரர் அளந்து காட்டினார், அளவு வரம்புக்குள்தான். மீட்டர் மாமா, உங்கள் மண் கரை அந்தத் 'தும்'மை நிறுத்துமா?

மீட்டர் மாமா:
பெரிதாக நிறுத்தாது. பேஸ், அதாவது அந்தத் 'தும்' மாதிரிக் கனத்த சத்தம், கரையைச் சுற்றி வளைந்து வந்துவிடும். மீட்டரில் 'ஏ', 'சி' என்று அளவுகோல் உண்டு. 'ஏ'யில் வைத்துப் பார்த்தால் மீட்டரும் பேஸைக் குறைத்துத்தான் காட்டும். பேஸையும் சேர்த்துக் காட்டும் 'சி'யில் வைத்து அளக்கச் சொல்லியிருக்கவேண்டும்.

கொறங்காட்டுக்காரி:
மாமா, நான் ஆலோசனை கேட்கவில்லை, இருந்தாலும் எழுதி வைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அறிக்கையை வாசித்தபோது 61க்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அது என்ன நம்பர் என்றே அப்போது தெரியாது.

நேற்று அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். மார்கழியில் ஒரு ராத்திரி வந்து அளங்கள், சாப்பாடு நம் வீட்டில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு நாளைக்குத்தாங்க்கா காசு குடுத்தாங்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போனை வைத்ததும் அமுச்சி சொன்னது, "அவன் வந்தா அந்தத் தகரத்துக்கு ஆணி அடிச்சாச்சுன்னு சொல்லு."