'மெலிஸா'வை மறுபடி கேட்டபோது

டென்மார்க்கின் ஹெவி மெட்டல் குழுவான மெர்சிஃபுல் ஃபேட்டின் முதல் ஆல்பம் 'மெலிஸா'வைக் கல்லூரி நாட்களில் கேசட்டில் கேட்டவன் நான். அப்போது எங்கள் செட்டில் பேச்சு முழுக்கப் பாடகர் கிங் டயமண்டின் குரலைப் பற்றித்தான். உறுமிக்கொண்டே இருப்பவர் சட்டென்று உச்சஸ்தாயிக்குத் தாவிக் கீச்சிடுவார். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் மிரள்வார்கள். பின்னால் என்ன வாசிக்கிறார்கள் என்று யாரும் கவனித்த மாதிரி ஞாபகம் இல்லை.

சமீபத்தில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கிடைத்த சாக்கில் மறுபடி போட்டேன். 1983-இல் கோபன்ஹேகனில் பதிவான ஏழே பாடல்கள், சுமார் 40 நிமிடம். இந்த முறை காதில் விழுந்தது கிதார்கள்தான். ஹாங்க் ஷெர்மனும் மைக்கேல் டென்னரும் மாறி மாறி சோலோ எடுக்கிறார்கள்; ஒருவர் முரட்டுத்தனமாக இழுத்தால் மற்றவர் பாடுவது போல வாசிக்கிறார். பாடல் வரிகளில் வரும் சாத்தானைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது எழுபதுகளின் அசல் ஹார்ட் ராக். 'சேட்டன்ஸ் ஃபால்' 11 நிமிடத்துக்கு மேல் போகிறது. பல்லவி, சரணம் என்ற கணக்கே கிடையாது, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) மேல் ரிஃப்பாக வந்துகொண்டே இருக்கிறது. டிமி ஹான்சனின் பேஸ் கிதாரும் தனியாகத் தெளிவாகக் கேட்கிறது. மனிதர் 2019-இல் இறந்துபோய்விட்டார். டிரம்ஸ் ஒலி மட்டும் சப்பென்று இருக்கிறது, அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா 1998-இல் இவர்களுடைய ஐந்து பாடல்களைக் கோர்த்து ஒரே பாட்டாக வாசித்தார்கள் அல்லவா, அதில் நான்கு இந்த ஆல்பத்தில் உள்ளவை. அவர்களுடைய டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் டென்மார்க்காரர்தானே!

இதே ஆல்பத்தில் உள்ள 'இன்டு தி கோவன்' பாட்டின் கதை வேறு. 1985-இல் அமெரிக்காவில் செல்வாக்குள்ள தாய்மார்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளைக் கெடுக்கும் 15 பாடல்கள் என்று பட்டியல் போட்டார்கள். மடோனா, பிரின்ஸ் வரிசையில் இதுவும் இருந்தது. அந்தப் பாட்டு எவ்வளவு மென்மையான கிதாரோடு தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

என்னை உண்மையிலேயே நிறுத்தியது கடைசிப் பாட்டான 'மெலிஸா'. மெலிஸா என்பது கிங் டயமண்ட் ஒரு மண்டையோட்டுக்கு வைத்திருந்த பெயர். அந்த வயதில் அது எங்களுக்கு வெறும் பேய்க்கதை. இப்போது கேட்டால், எரித்துக் கொல்லப்பட்ட சூனியக்காரி ஒருத்திக்காக ஒருவன் வைக்கும் ஒப்பாரி. அந்தக் கீச்சுக் குரல் இந்த ஒரு பாட்டில் அழுகைக்குப் பக்கத்தில் போகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் எடுத்த எடுப்பில் 'சேட்டன்ஸ் ஃபால்' பக்கம் போக வேண்டாம். 'கர்ஸ் ஆஃப் தி ஃபாரோஸ்' போட்டுப் பாருங்கள். அது பிடித்தால் அப்புறம் மற்றவை.