மறு: ‘ரியல்னெஸ்’ – ‘அச்சசல்’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த பால்ரூம் பண்பாடு பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது முட்டிய நாலைந்து சொற்களுக்கு இங்கே தமிழ் கேட்டிருந்தேன். கறுப்பின, லத்தீன் இனத் திருநங்கைகளும் தன்பாலீர்ப்பாளர்களும் உடுத்தி, நடுவர்கள் முன் நடந்து போட்டியிடும் நிகழ்வுக்கு ‘டிராக் பால்’, சுருக்கமாக ‘பால்’ என்று பெயர். அங்குள்ள போட்டிப் பிரிவுகளில் ஒரு வகைதான் ‘ரியல்னெஸ்’, அதற்குப் பின்னால் வருகிறேன். மூன்று நாளில் இத்தனை மடல்கள் வந்தது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. சிலவற்றை ஏற்கிறேன், சிலவற்றை ஏன் ஏற்க முடியவில்லை என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘டிராக் பால்’ என்பதற்கு ‘மாறுவேடப் போட்டி’ என்று எளிமையாகச் சொல்லிவிடலாமே?

இது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாறுவேடப் போட்டி என்றதும் பள்ளி ஆண்டு விழாவில் மீசை வரைந்து, முண்டாசு கட்டி, பாரதியாராக மேடையேறும் பிள்ளைதான் கண்ணில் நிற்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாறுவேடம் என்பது போலீஸின் சொல். நியூயார்க் மாநிலத்தில் நிலக்குத்தகையை எதிர்த்துக் கிளர்ந்த விவசாயிகள் முகத்தை மறைத்துக்கொண்டு அதிகாரிகளைத் தாக்கினார்கள். அவர்களை அடக்க 1845-ல் ஒரு சட்டம் வந்தது: முகத்தில் சாயம் பூசியோ வேறு வகையில் உருமாறியோ பொது இடத்தில் நடமாடுவது குற்றம். கிளர்ச்சி ஓய்ந்தது, சட்டம் ஓயவில்லை. அடுத்த நூற்றாண்டில் பெண்ணுடை உடுத்திய ஆண்களையும் திருநங்கைகளையும் பிடித்து உள்ளே தள்ள அதே சட்டம் கைகொடுத்தது.

வாஷிங்டனில் வில்லியம் டார்சி ஸ்வான் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். 1880-களில் தன்னைப் போன்றவர்களைக் கூட்டி, பட்டும் சாட்டினும் உடுத்தி, ரகசியமாக ஆட்டம் நடத்தினார். 1888 ஏப்ரலில் போலீஸ் உள்ளே புகுந்தபோது, வந்தவர்கள் தப்ப வழிவிட்டு, அவர் வாசலிலேயே காவலரை மறித்துப் போராடினார். 1896-ல் பொய்க் குற்றச்சாட்டில் 10 மாதச் சிறை. அதிபர் கிளீவ்லண்டுக்கு மன்னிப்பு மனு போட்டார், கிடைக்கவில்லை. அவர் வட்டத்தில் அவருக்கு வழங்கிய பெயர் அரசி. அரசி என்று தலைநிமிர்ந்தவருக்கு நாம் ‘மாறுவேடம்’ என்று எழுதினால், கதவை உடைத்து வந்தவர் பக்கம் நின்று எழுதியதாகும். இன்னொன்று, இந்தக் களங்களில் நடப்பவர்களில் கணிசமானோர் திருநங்கைகள். அவர்கள் உடுத்துவது அவர்களுடைய உடை.

> ‘பால்’ என்று ஒலிபெயர்த்தால் போதும்.

வேறு எந்த மொழியிலும் போதுமாக இருக்கலாம். தமிழில் ‘பால் பண்பாடு’ என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் பசும்பாலை நினைப்பார், இன்னொருவர் ஆண்பால் பெண்பாலை நினைப்பார். பால்புதுமையர் (குயர் மக்கள்) பற்றிய கட்டுரையில் இந்த இரண்டாவது குழப்பம் ஒவ்வொரு வரியிலும் வரும். ‘பால்ரூம்’ என்று முழுதாக எழுதினால் பிழையில்லை, பண்பாட்டின் பெயராக அதை வைத்துக்கொள்கிறேன். நிகழ்வுக்கு ‘நடைக்களம்’ என்று முன்வைக்கிறேன். அங்கே யாரும் ‘போட்டியில் கலந்துகொண்டேன்’ என்பதில்லை, ‘நடந்தேன்’ என்பார்கள். நெல்லடிக்கிற இடமும் களம், மோதுகிற இடமும் களம். பொருத்தமாகவே படுகிறது.

பால்ரூமில் ஒரு தாயின் கீழ் குடும்பமாகச் சேர்ந்து நடக்கிற குழுவுக்கு ‘ஹவுஸ்’ என்று பெயர். அதற்கு வந்த ‘இல்லம்’ அழகான சொல்தான். ஆனால் இன்றைய வழக்கில் இல்லம் என்றால் முதியோர் இல்லம், ஆதரவற்றோர் இல்லம். கிரிஸ்டல் லபேஜா அப்படி ஒன்றைத் தொடங்கவில்லை. 1967-ல் நியூயார்க் டவுன் ஹாலில் நடந்த டிராக் அழகிப் போட்டியில் மகுடம் வெள்ளையினப் போட்டியாளருக்குப் போனபோது, நடுவர் தீர்ப்பில் நேர்மை இல்லை என்று கேமராவுக்கு முன்னால் கொதித்தவர் அவர். கறுப்பினத்தவர் பவுடர் பூசி முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டால்தான் கண்டுகொள்ளப்படுவார்கள் என்பதே அன்றைய நிலை. பிறகு லாட்டி என்ற ஹார்லெம் அரசியோடு சேர்ந்து ஹார்லெமில் கறுப்பின அரசிகளுக்காகத் தனியே களம் நடத்தினார். லபேஜா ஹவுஸ் அப்படிப் பிறந்தது, அதுவே முதல் ஹவுஸ். நிஞ்ஜா, டுப்ரீ, பெண்டாவிஸ் எல்லாம் பின்னால் வந்தவை. 1982-ல் லத்தீன் இனத்தவருக்காக எக்ஸ்ட்ராவகான்சா.

இதற்கு ‘வீடு’ போதும். ‘எந்த வீட்டுப் பிள்ளை?’ என்று நம் ஊரில் கேட்பது கட்டடத்தைப் பற்றிய கேள்வியா? பால்ரூமிலும் அதே கேள்விதான், வீட்டின் பெயரே பிள்ளையின் கடைசிப் பெயர். பெற்றவர்கள் துரத்திய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை ஒரு தாய் சேர்த்துக்கொள்கிறார், சோறு போடுகிறார், நடக்கக் கற்றுத்தருகிறார். எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் இந்த வீட்டார்தான். நம் திருநங்கையரிடையே அம்மா, மகள், நானி (பாட்டி) என்று உறவு கட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றிலிருந்து ஒன்று வந்ததும் அல்ல. ஆனால் ‘தாய்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. ‘வீட்டம்மா’ மட்டும் வேண்டாம், அது மனைவிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ போய்விடும். ‘வீட்டுத்தாய்’ சரியாக இருக்கும்.

சரி, ரியல்னெஸ்.

> ‘மெய்த்தன்மை’ அல்லது ‘உண்மைத்தன்மை’.

அகராதிப்படி சரி, களத்துக்குப் பொருந்தவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘எக்ஸிக்யூட்டிவ் ரியல்னெஸ்’ என்று அறிவிப்பாளர் கூப்பிடுகிறார். வேலையே கிடைக்காத ஓர் இளைஞர் கோட்டு சூட்டு போட்டு, பெட்டியைக் கையில் பிடித்து, வால் ஸ்ட்ரீட் அதிகாரியாக நடந்து வருகிறார். நடுவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: தெருவில் போனால் யாராவது சந்தேகப்படுவார்களா? நியூயார்க் பால்ரூம் பற்றிய ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ ஆவணப்படத்தில் ஒரு காட்சி வரும். மாலை விருந்துக்கு உடுத்திய பெண்ணாக ஒருவர் நடக்கிறார், கையில் கைப்பை இல்லை. பெண்கள் விருந்துக்குக் கைப்பை எடுத்துப் போவார்கள் என்பது ஊரறிந்த விஷயம் என்று அறிவிப்பாளர் விடாப்பிடியாக நிற்கிறார். பார்வை அவ்வளவு நுணுக்கமானது.

ஏன் இந்த நுணுக்கம் என்பதை அதே படத்தில் மூத்த அரசிகளில் ஒருவரான டோரியன் கோரி சொல்கிறார்: களத்தை விட்டுப் பகல் வெளிச்சத்தில் இறங்கி, சப்வே ரயிலேறி, உடுத்திய துணி உடம்பிலேயே இருக்க, ரத்தம் வழியாமல் வீடு போய்ச் சேருகிறவர்களே ரியல்னெஸ் உள்ள அரசிகள். அந்தப் படத்தில் பேசிய வீனஸ் எக்ஸ்ட்ராவகான்சா 1988 டிசம்பரில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். வயது 23. ஆகவே இந்தச் சொல்லில் உயிர் பிழைக்கிற பயிற்சியும் இருக்கிறது, ‘எனக்கு வாய்ப்பு கொடுத்திருந்தால் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்’ என்கிற நிமிர்வும் இருக்கிறது. ‘உண்மைத்தன்மை’யில் இரண்டுமே இல்லை. அது சான்றிதழ் சரிபார்க்கிற அலுவலகச் சொல்.

முதலில் ‘பிடிபடாமை’ என்று குறித்து வைத்திருந்தேன். வரைவைத் திருநங்கையான என் தோழி ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். “பிடிபடாம இருக்க நான் என்ன திருடியா?” என்று கேட்டார். அன்றே அடித்துவிட்டேன். அப்புறம் அவரே, சின்ன வயதில் அக்காவின் தாவணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது எதிர்வீட்டுப் பாட்டி, “அச்சு அசலா உங்க அக்காவேதான்” என்று கன்னம் வழித்ததைச் சொன்னார். அன்றைக்குத் தூக்கமே வரவில்லையாம், அவ்வளவு சந்தோஷமாம்.

அங்கிருந்துதான் ‘அச்சசல்’. அதிகாரி அச்சசல், பள்ளி மாணவர் அச்சசல், ராணுவ அச்சசல் என்று பிரிவுப் பெயர்களோடு ஒட்டுகிறது. ‘அச்சசலில் நடந்தார், எல்லா நடுவரிடமும் பத்து வாங்கினார்’ என்று வாக்கியத்திலும் உட்காருகிறது.

> ‘அசல்’ அரபுச் சொல். தூய தமிழில் வேண்டும்.

‘மெய்யுரு’ என்று வைக்கலாம்தான். ஆனால் எந்தப் பாட்டியும் அதைச் சொல்லிக் கன்னம் வழிக்க மாட்டார். பேச்சில் உயிரோடு இருக்கிற சொல்லை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு நண்பர் எழுப்பிய கேள்விக்குத்தான் என்னிடம் முழு விடை இல்லை. ‘அச்சு அசல்’ என்றால் வேறொன்றைப் போல இருப்பது. திருநங்கையை ‘பெண்ணின் அச்சசல்’ என்றால், பெண் அல்ல என்று ஆகிவிடாதா? ஆகும். அதனால் வேற்றுமை உருபு சேர்த்து இன்னாரின் அச்சசல் என்று எங்கும் எழுதப்போவதில்லை. ‘போல’ என்பதையும் பக்கத்தில் வரவிடமாட்டேன். பிரிவுப் பெயரை ‘திருநங்கை அச்சசல்’ என்று வைத்திருக்கிறேன். தோழி சரி என்றார், ஆனால் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

மற்றவை சுருக்கமாக. களத்தில் ஆடுகிற ‘வோகிங்’ நடனத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும், ‘வோக்’ பத்திரிகையின் பெயரிலிருந்து வந்தது. அதன் அசைவுகளில் ‘டக்வாக்’ வாத்துநடை. ‘டிப்’புக்கு வந்த ‘வீழ்ச்சி’ பொருந்தாது. தாளம் அடிக்கிற அந்த நொடியில் ஒரு காலை மடித்து, முதுகு தரையைத் தொட, மறுகாலை நீட்டிக் கிடப்பது தோற்று விழுவது போலவா இருக்கிறது? ‘சாய்வு’ என்று போட்டிருக்கிறேன். நடுவர் நீக்குகிற ‘சாப்’ என்பது ‘வெட்டு’.

‘கேட்டகரி’க்குப் பிரிவா, வகையா என்பது இன்னும் முடிவாகவில்லை. கட்டுரையை அடுத்த வாரம் அனுப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்