செல்லில் விசையை உணர்வது சவ்வா, அதன் உள்ளே இருக்கும் புரத இழை வலையா?

நுண்ணோக்கி:
செல் சவ்வை வெறும் உறை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு: இழுவிசையை முதலில் உணர்வதே சவ்வின் கொழுப்புப் படலம்தான். ஈ.கோலை பாக்டீரியா திடீரென நன்னீரில் விழுந்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்து அது உப்பும். வெடிக்கும் தறுவாயில் எம்எஸ்சிஎல் என்ற கால்வாய் (சவ்வில் வாயில்போல் பதிந்திருக்கும் புரதம்) திறந்து, உள்ளிருக்கும் கரைபொருட்களை வெளியே விட்டு உயிரைக் காப்பாற்றும். அந்தப் புரதத்தை மட்டும் தனியே பிரித்து, செயற்கைக் கொழுப்புப் படலத்தில் பதித்து இழுத்தாலும் திறக்கிறது. துணைக்கு வேறு புரதமே இல்லை. அப்புறம் திறந்தது யார்?

இழைக்கட்சி:
பாக்டீரியாவை வைத்து நம் காதுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் நண்பரே. உட்காது மயிர்ச்செல்களில் ஒரு நுண்மயிரின் நுனியை அடுத்ததோடு மெல்லிய இழை ஒன்று இணைக்கிறது. காடெரின்-23, புரோட்டோகாடெரின்-15 ஆகிய இரண்டும் சேர்ந்த இழை அது. சுற்றியுள்ள கால்சியத்தை நீக்கினால் இழை அறுந்துவிடும், விசையால் செல்லில் எழும் மின்னோட்டமும் நின்றுவிடும். இழை மறுபடி வளர்ந்தால் மின்னோட்டமும் திரும்புகிறது. பழ ஈயின் நோம்ப்சி கால்வாயும் ஆங்கிரின் எனப்படும் 29 புரத மடிப்புகளால் செல்லுக்குள் சட்டகமாக நிற்கும் நுண்குழல்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது.

நுண்ணோக்கி:
காது தனி ரகம், அதற்கென்றே கட்டிய கருவி. மற்ற செல்களுக்கு வாருங்கள். நரம்பியல் ஆய்வாளர் ஆர்டெம் படபூட்டியன் குழு, விசைக் கால்வாயைத் தேடி 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, கண்ணாடி ஊசியால் செல்லைக் குத்திப் பார்த்தது. கடைசியாகச் சோதித்ததில்தான் மின்னோட்டம் காணாமல் போனது! 2010இல் வெளியான பியசோ1 என்ற கால்வாய் அதுதான். படபூட்டியனுக்கு 2021இல் நோபல் கிடைத்தது, டேவிட் ஜூலியஸோடு பகிர்ந்து. மூன்று இதழ் கொண்ட அந்தப் புரதம் சவ்வையே கிண்ணம்போல் குழித்து வைத்திருக்கிறது. இழுவிசை கூடினால் குழி தட்டையாகும், வாயில் திறக்கும். இதில் இழைக்கு என்ன வேலை?

செங்குருதி:
குறுக்கிடுகிறேன். சவ்வுக்கு அடியில் இருக்கும் ஆக்டின் புரத இழை வலை இல்லாத, செல்லிலிருந்து புடைத்த சவ்வுக் கொப்புளங்களிலும் பியசோ1 திறக்கிறது. அதுவும் முழு செல்லைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே. வலை அங்கே சுமையில் ஒரு பங்கைத் தாங்கி, கால்வாயைக் காக்கிறது.

நுண்ணோக்கி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இழைக்கட்சி:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். சவ்வு திரவம், ஓரிடத்தில் இழுத்தால் எல்லா இடமும் இழுபடும் என்று வெகுகாலம் நம்பினோம். 2018இல் ஹீலா என்ற ஆய்வக மனித செல்களில் சோதித்தபோது கொப்புளங்களில் இழுவிசை உடனே பரவியது, முழு செல்லில் பரவவில்லை. அடியில் உள்ள வலையோடு பிணைந்த புரதங்கள் கொழுப்பின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. ஆக, எந்தக் கால்வாய்க்கு விசை போய்ச் சேரும் என்பதை முடிவு செய்வது வலை. உணர்பவன் வாயிலில் நிற்கலாம். ஆனால் செய்தி வாயில்வரை வர வேண்டாமா?

செங்குருதி:
2023 ஆய்வையும் சேருங்கள். சவ்வை மட்டும் இழுத்தால் பரவாது, ஆக்டின் தள்ளினாலோ சுருங்கினாலோ செல்லின் மறுகோடிவரை சட்டென்று பரவுகிறது.

நுண்ணோக்கி:
சரி, பரவுவதில் வலைக்குப் பங்கு உண்டு. ஆனால் வாயில் எதைக் கேட்டுத் திறக்கிறது? பக்கத்துக் கொழுப்பின் இழுவிசையை. வலையையே எடுத்துவிட்டாலும் பியசோ திறக்கிறது. கொழுப்பை எடுத்துவிட்டுத் திறந்து காட்டுங்கள், பேசலாம்.

இழைக்கட்சி:
கொழுப்பே இல்லாவிட்டால் கால்வாய் எங்கே உட்காரும் சார்? அது சோதனையே இல்லை. நோம்ப்சியில் ஆங்கிரின் பிடிப்பைக் குலைத்தபோது சவ்வு அப்படியேதான் இருந்தது, விசைக்குப் பதில்தான் வரவில்லை. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.