மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா? அறிவியல் பட்டத்துக்கு எந்த வழி?

லூனாஸ் மாணவி

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம் முடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் ஒரு வருடத் திட்டம், மாடுல் 1 (இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்) கிடைத்திருக்கிறது. போகிறேனா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். எனக்கு டாக்டராகும் ஆசை இல்லை. வேதியியல் பட்டம் எடுத்து ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும். வேதியியலில் ஏ, கூடுதல் கணிதத்தில் பி. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் எல்லாம் மலாயில்தான் படித்தேன். அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டிலிருந்தே ஆறாம் படிவம் போகலாமே என்கிறார். ஒரே வருடத்தில் பட்டப்படிப்புக்குத் தயாராகிவிட முடியுமா?

பட்டர்வொர்த் அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று. நான் சேர்ந்த காலத்தில் மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம்தான். 2019-இல் மொத்த இடத்தை 25,000-இலிருந்து 40,000 ஆக்கியபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை. எனக்கு முதல் சுற்றில் இடம் வரவில்லை; மேல்முறையீடு செய்துதான் கிடைத்தது. அதனால் உன் கையில் இருப்பதை லேசாக விட்டுவிடாதே.

முடியுமா என்று கேட்டாய். முடியும். ஆனால் முதல் ஆறு வாரத்தைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நானும் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய். மெட்ரிகுலேஷனில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில். மேல்முறையீட்டில் போனதால் இரண்டு வாரம் தாமதமாகச் சேர்ந்தேன். முதல் இயற்பியல் சோதனையில் 30-க்கு 9. கேள்வி கஷ்டமே இல்லை. 'அக்செலரேஷன்' என்று படித்ததும் அது மலாயில் 'பெச்சுத்தான்' என்று மனதுக்குள் மாற்றி, பிறகுதான் சூத்திரம் தேடினேன். ஒவ்வொரு வரியிலும் இப்படி நின்று நின்று போனதில் நேரம் முடிந்துவிட்டது. அன்று இரவு விடுதியில் ஒரு நோட்டை எடுத்து தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தி பிரித்தேன். கொள்ளளவு, இசிபாடு, வால்யூம். பொருண்மை, ஜிசிம், மாஸ். வினையூக்கி, மங்கின், கேட்டலிஸ்ட். தினமும் பத்துச் சொல். முதல் பருவம் முடிவதற்குள் அந்த நோட்டைத் திறக்கவே தேவைப்படவில்லை.

ஆய்வகம் உனக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். பள்ளியில் நாலு பேருக்கு ஒரு பியூரெட், அதாவது திரவத்தை அளந்து விடும் குழாய். நான் எப்போதும் அளவை எழுதுகிறவள், கையில் பிடித்ததே இல்லை. அங்கேதான் முதல் தடவையாக நானே டைட்ரேஷன் செய்தேன். குடுவையில் 25 மில்லிலிட்டர் அமிலம், நிறங்காட்டியாக ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டிலிருந்து காரத்தைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு விழுந்து, குடுவையை ஆட்டியும் அந்த இளஞ்சிவப்பு போகாமல் நிற்கிற நொடியை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் முதல் முறை நான் விட்டது இரண்டு சொட்டு அதிகம், நிறம் அடர்ந்துவிட்டது. மறுபடி செய்தேன். பிறகு யு.எஸ்.எம்-இல் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வேதியியல் படித்த வருடங்களில் எனக்கு உதவியது அந்தப் பொறுமைதான்.

கம்பார் அப்பா

அக்கா சொல்வது சரிதான். ஆனால் ஆறாம் படிவத்தை யாரும் தாழ்வாக நினைக்கக் கூடாது. என் மகன் அந்த வழியில்தான் போனான். ஒன்றரை வருடம், மூன்று பருவம். முதல் பருவத்தில் வேதியியல் சறுக்கிவிட்டது. அந்தத் தாளை மறுபடி எழுதி ஏற்றிக்கொண்டான். மெட்ரிகுலேஷனில் இரண்டே பருவம். சறுக்கினால் எழுந்திருக்க நேரம் குறைவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று யோசனை இருந்தால் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம் கூடுதல் பலம், அதை ஏ லெவலுக்குச் சமமாகப் பார்க்கிறார்கள். ஒரே குறை, பொதுப்பாடம் கட்டாயம் என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் இயற்பியல், உயிரியல் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள்.

லூனாஸ் மாணவி

நன்றி அக்கா, நன்றி ஐயா. வெளிநாடு போகும் எண்ணம் இல்லை. மெட்ரிகுலேஷனுக்கே போகலாம் என்று தோன்றுகிறது. கூடுதல் கணிதத்தில் பி என்பதுதான் பயம். சேர இன்னும் சில வாரம் இருக்கிறது. என்ன படிக்கட்டும்?

பட்டர்வொர்த் அக்கா

பயப்படாதே, பி எடுத்தவர்கள் பலர் நன்றாக வந்தார்கள். புதுப்பாடத்துக்குள் இப்போதே நுழையாதே. எஸ்.பி.எம்-இல் நுண்கணிதம் இயற்கணிதக் கோவையோடு நின்றுவிடும். அங்கே சைன், காஸ், மடக்கை எல்லாவற்றையும் வகையிட வேண்டும். அதற்கு அடிப்படை, சங்கிலி விதியும் அடுக்குக்குறி விதிகளும் யோசிக்காமல் கையில் வருவது. தினமும் அரை மணி நேரம் அவற்றை மட்டும் போடு. வேதியியலில் மோல் கணக்கு. சமன்பாட்டைச் சமன் செய்து, கிராமிலிருந்து மோலுக்கும் மோலிலிருந்து கொள்ளளவுக்கும் போவதில் தயக்கமே இருக்கக் கூடாது. முதல் பருவத்தில் பாதி வேதியியல் இதன் மேல்தான் நிற்கிறது. உன் எஸ்.பி.எம் புத்தகத்திலிருந்தே போடு, ஆனால் விடையை ஆங்கிலத்தில் எழுது.

போனதும் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தை நான் கடைசி மாதத்தில் நினைத்துத் தவித்தேன்.

அப்பாவிடம் நீயே உட்கார்ந்து பேசு. தூரம்தான் அவருக்குக் கவலையாக இருக்கும், விடுமுறைக்கு எப்போது வருவாய் என்பதை முதலில் சொல். ஆய்வகக் கோட்டு வாங்கும்போது பருத்தியாகப் பார்த்து வாங்கு. நைலான் கலந்தது பன்சன் அடுப்புப் பக்கம் ஆகாது.