ஈயம் உருகியும் ஐ.சி. பலகையை விட்டு வரவில்லை, உதவி தேவை

மோல்மேன்_மாணவன்:
வணக்கம். இன்வெர்ட்டரின் மின்சுற்றுப் பலகையில் ஒரு ஐ.சி.யை (சிப்) கழற்ற வேண்டும். துளை வழியே கால் இறங்கும் வகை அல்ல, பலகையின் மேலேயே படுத்திருக்கும் வகை. எல்லாக் கால்களிலும் ஈயத்தை உருக்கிப் பார்த்துவிட்டேன், அசையவே இல்லை. நெம்பினால் ஒரு மூலையில், கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு கிளம்புவதுபோல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

பெகு_வானொலி:
தம்பி, எந்த ஐ.சி., எத்தனை கால், ஈயம் பற்றவைக்கும் இரும்பு எத்தனை வாட்? உருக்கியபோது வீட்டு மின்சாரம் எத்தனை வோல்ட் இருந்தது?

ரங்கூன்_பட்டறை:
முதலில் நெம்புவதை நிறுத்துங்கள். செம்புத் திட்டைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது மெல்லிய பசை மட்டுமே. சூடேறியபின் அது இளகிவிடும், அந்த நேரத்தில் நெம்பினால் திட்டு கையோடு வந்துவிடும். இது அடிப்படைப் பாடம். பலகை எது, பழுது என்ன, ஐ.சி.தான் கெட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று எதையும் எழுதாமல் வழி கேட்டால் என்ன சொல்வது? பலர் கழற்றிய பிறகுதான் அளந்து பார்க்கிறார்கள்.

மோல்மேன்_மாணவன்:
மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் எழுதினேன். 12 வோல்ட் பேட்டரி இன்வெர்ட்டர். ஐ.சி. மேல் 3525 என்று இருக்கிறது, 16 கால். 60 வாட் சாதாரண இரும்பு. பேட்டரி நன்றாக இருக்கிறது, சிவப்பு விளக்கும் எரிகிறது, ஆனால் வெளியே 230 வருவதில்லை. கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. மாலையில் மின்சாரம் இருப்பதில்லை, பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் எழுதுகிறார்கள்.

பெகு_வானொலி:
நான் நினைத்தது சரி. மின்னழுத்தம் 230இலிருந்து 170க்கு இறங்கினால் 60 வாட் இரும்பு ஏறத்தாழ 33 வாட்தான் தரும். வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் குறையும். மேலே ஈயம் பளபளவென்று உருகினாலும் காலின் குதிகாலுக்கு அடியில் கட்டியாகவே நிற்கும். ஸ்டெபிலைசர் வைத்துச் செய்யுங்கள், வந்துவிடும்.

ரங்கூன்_பட்டறை:
பெகு அண்ணன் எந்தப் பழுதுக்கும் மின்னழுத்தத்தையே காரணம் சொல்வார். தம்பி, இரும்பை ஓரமாக வைத்துவிட்டு மீட்டரை எடுங்கள். பேட்டரியை இணைத்து, 12ஆம் காலைத் தரையாக (மீட்டரின் கறுப்பு முனை அங்கே) வைத்து மூன்று கால்களில் அளந்து பாருங்கள். 15இல் பேட்டரி மின்னழுத்தம் வர வேண்டும். 16இல் ஐ.சி. தானே உண்டாக்கும் 5.1 வோல்ட் வர வேண்டும். 10ஆம் கால் நிறுத்தும் கால், அது பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சுற்றுதான் ஐ.சி.யை நிறுத்தி வைத்திருக்கிறது. அப்படியானால் ஐ.சி. மீது குற்றமில்லை, அதைக் கழற்றவும் வேண்டாம். உயர் மின்னழுத்தப் பக்கத்தில் கை படக்கூடாது. அங்கே 400 வோல்ட் மின்தேக்கி இருக்கும், இணைப்பை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஒரு குண்டு பல்பைக் குறுக்கே வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் உறுதி செய்துகொண்டு தொடுங்கள்.

தாட்டோன்_சகோதரி:
கழற்றத்தான் வேண்டும் என்றால் பிஸ்மத் கலந்த தாழ்வெப்ப ஈயம் இருக்கிறதே. இரண்டு வரிசைக் கால்களிலும் ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி அதை உருக்கிப் பூசினால், பழைய ஈயத்தோடு கலந்து வெகுநேரம் திரவமாகவே நிற்கும். மெதுவாகத் தள்ளினால் ஐ.சி. வழுக்கிக்கொண்டு வரும். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் இயந்திரம் தேவையில்லை.

ரங்கூன்_பட்டறை:
வழுக்கிக்கொண்டு வரும், அதன் பிறகு? ஈயமும் தகரமும் பிஸ்மத்தோடு சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகும். பக்கத்தில் மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் டிரான்சிஸ்டர்கள்) சுடச்சுட நிற்கும் இன்வெர்ட்டரில் அந்த மிச்சத்தின் மேல் புது ஐ.சி.யைப் பற்றவைத்தால் இணைப்பு எத்தனை நாள் தாங்கும்?

தாட்டோன்_சகோதரி:
மிச்சத்தை விட்டுவைக்கச் சொல்லவில்லை. செம்புத் திரியால் உறிஞ்சி எடுத்து, புது ஈயம் பூசி, மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்குப் பிறகு கவலைப்படும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. பட்டறை ஐயாவிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது. வீட்டில் ஒரே இரும்போடு உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எது, சொல்லுங்கள்.

பெகு_வானொலி:
தாழ்வெப்பக் கலவை வாங்கும்போது கவனம். வூட்ஸ் மெட்டல் என்று விற்பதில் காட்மியம் இருக்கிறது, அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. தகரக் கூரைக்குப் பூசும் அமில ஃப்ளக்ஸையும் பலகையில் வைக்காதீர்கள். அதில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். மோல்மேன் மழைக்காலத்தின் ஈரத்தில் அது செம்புப் பாதையை அரித்துவிடும்.

மோல்மேன்_மாணவன்:
அளந்தேன். 15இல் 12.3, 10இல் 0.1, 16இல் 0.4.

ரங்கூன்_பட்டறை:
அப்படியென்றால் 5.1 உண்டாகவில்லை. பேட்டரியை எடுத்துவிட்டு 16க்கும் 12க்கும் இடையே ஓம் பாருங்கள். வெளியே உள்ள மின்தேக்கி ஷார்ட் ஆகி இழுத்துப் பிடித்தாலும் இதே அளவுதான் காட்டும்.

மாண்டலே_மின்பணி:
இத்தனை பேர் எழுதியும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லையே. தம்பி, ஐ.சி. இருப்பது எந்தப் பக்கம்? டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும் பக்கமா, அல்லது அதன் கால்கள் இறங்கி ஈயம் பிடித்திருக்கும் அடிப்பக்கமா?

மோல்மேன்_மாணவன்:
அடிப்பக்கம்.

மாண்டலே_மின்பணி:
அப்படியானால் ஐ.சி.யின் வயிற்றுக்கு அடியில் பசை இருக்கிறது. இவ்வகைப் பலகைகளைத் தொழிற்சாலையில் உருகிய ஈய அலையின் மேல் அடிப்பக்கம் படும்படி ஓட்டுவார்கள். தலைகீழாகத் தொங்கும் சிறு பாகங்கள் அந்த அலையில் விழுந்துவிடாமல் இருக்க, முன்னதாகவே ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொட்டுப் பசை வைத்துச் சூட்டில் இறுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் சிவப்பு நிறம். பலகையைச் சாய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, காலுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்தில் பாருங்கள், தெரியும். ஈயம் முழுவதும் உருகினாலும் அந்தச் சொட்டு விடாது. 60 வாட்டாக இருந்தாலும் 600 வாட்டாக இருந்தாலும் இதே கதைதான்.

ஐ.சி. செத்ததுதான் என்று உறுதியானால் அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. கூரிய சிறு வெட்டுக்குறடால் 16 கால்களையும் உடலை ஒட்டி வெட்டுங்கள். கத்தியை வைத்து அழுத்தாதீர்கள், கீழே இருக்கும் பாதை அறுந்துவிடும். கால்கள் போனபின் உடலைப் பிடித்திருப்பது பசை மட்டுமே. இரும்பின் பக்கவாட்டை ஐ.சி.யின் முதுகில் வைத்து நன்றாகச் சூடேற்றினால் பசை இளகும். குறட்டால் உடலைக் கவ்வி, பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் கிடைமட்டமாகத் திருகுங்கள். மேல்நோக்கி இழுக்கவே கூடாது. படீரென்று விடும். மிஞ்சிய கால் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கிச் சிறு இடுக்கியால் எடுத்து, ஃப்ளக்ஸும் செம்புத் திரியும் வைத்துத் திட்டுகளைச் சமமாக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

பெகு_வானொலி:
பசை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதுகைச் சூடேற்றவும் இரும்பில் சூடு வேண்டுமல்லவா?

தாட்டோன்_சகோதரி:
காலை வெட்டுவது எனக்குப் பிடிக்காது. குறடு வெட்டும் ஒவ்வொரு முறையும் கால் துள்ளும், அந்த அதிர்வு திட்டுக்குத்தான் போகும். ஏற்கெனவே ஒரு மூலை கிளம்பியிருக்கிறது என்கிறார்.

மாண்டலே_மின்பணி:
குறடு கூராக இருந்தால் அவ்வளவு துள்ளாது. கிளம்பிய மூலைக்காலை மட்டும் முதலில் சூடாக்கி விடுவித்துவிட்டு மற்றவற்றை வெட்டட்டும்.

ரங்கூன்_பட்டறை:
மாண்டலேக்காரர் சொல்வது சரி. தம்பி, புது ஐ.சி. வாங்கும்முன் பழையதன் உடல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 3525 இரண்டு அளவில் வருகிறது, குறுகியது சுமார் 4 மில்லிமீட்டர், அகலமானது 7.5. கால் இடைவெளி இரண்டிலும் 1.27தான், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கே கிடைக்காவிட்டால் எழுதுங்கள். வகுப்புக்கு என்பதால் நானே வாங்கி, இங்கே ரங்கூனில் அவுங் மிங்கலார் பேருந்து நிலையத்திலிருந்து மோல்மேன் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

மோல்மேன்_மாணவன்:
சிவப்புப் பசைதான். திருகியதும் வந்துவிட்டது. கழற்றியபின் 16க்கும் 12க்கும் இடையே ஷார்ட் இல்லை. ஐ.சி. குறுகிய வகை, இங்கேயே கிடைத்தது. ஆனால் 8ஆம் காலின் திட்டு போய்விட்டது.

ரங்கூன்_பட்டறை:
8ஆம் கால் மெதுவாகத் தொடங்குவதற்கானது. அதிலிருந்து ஒரு மின்தேக்கிக்குப் பாதை போகும், மின்தேக்கியின் மறுமுனை தரையில் இருக்கும். மெல்லிய எனாமல் கம்பியின் ஒரு முனையைச் சுரண்டி ஈயம் பூசி ஐ.சி. காலில் பற்றவையுங்கள், மறுமுனையை அந்த மின்தேக்கியில். கம்பி ஆடாமல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். முதல் முறை ஓட்டும்போது பேட்டரிக் கம்பியில் சிறிய ஃபியூஸ் போட்டு, சுமை எதுவும் இணைக்காமல் ஓட்டுங்கள்.

மோல்மேன்_மாணவன்:
கம்பி போட்டாகிவிட்டது. 16இல் 5.1 வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

ரங்கூன்_பட்டறை:
ஐ.சி.யின் வெளியீட்டுக் கால்கள் 11, 14 இரண்டிலும் துடிப்பு வருகிறதா? மாஸ்ஃபெட்டுகளை ஷார்ட் இருக்கிறதா என்று சோதித்தீர்களா? சோதிக்காமல் சுமை கொடுக்க வேண்டாம்.

பெகு_வானொலி:
இணைத்தபோது வீட்டு மின்சாரம் எத்தனை வோல்ட் இருந்தது என்பதையும் எழுதுங்கள், தம்பி.